துருசும் குளமும்: வன்னிக்குப் பொருந்தும் மின்சேமிப்பு எது?

வன்னியில் வளர்ந்த ஒருவருக்குச் சேமிப்பு என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழையைக் குளத்தில் மறித்து வைத்து, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கமக்காரர் கூட்டத்தில் கணக்குப் பார்த்து, குளத்தின் மதகான துருசை அளவாகத் திறந்து, அந்த நீரை அறுவடை வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் பழக்கம் இங்கு தலைமுறைகளாக இருக்கிறது. மின்சாரத்தைச் சேமித்தல் பற்றி இன்று உலகெங்கும் நடக்கும் பொறியியல் ஆய்வின் பெரும்பகுதியை அந்தக் கணக்கின் மொழியிலேயே விளங்கிக்கொள்ளலாம்.

குளத்தைப் பற்றி இரண்டு கேள்விகள் உண்டு. எவ்வளவு நீர் நிற்கிறது என்பது ஒன்று. துருசு வழியாக ஒரு நொடிக்கு எவ்வளவு வெளியேறும் என்பது மற்றையது. மின்சாரத்தில் முன்னதைச் சக்தி என்கிறோம், கிலோவாற்று மணியில் அளக்கிறோம். மின்பட்டியலில் வரும் ‘அலகு’ அதுதான். பின்னது வலு, கிலோவாற்றிலோ மெகாவாற்றிலோ சொல்லப்படுவது. செய்தித்தாள்கள் இந்த இரண்டையும் ஓயாமல் குழப்புகின்றன. ‘100 மெகாவாற்றுப் பற்றரி நிலையம்’ என்று மட்டும் எழுதினால் துருசின் அகலத்தைச் சொல்லிவிட்டுக் குளத்தைச் சொல்லாமல் விட்டதாகிறது. தென் அவுஸ்திரேலியாவின் ஹோர்ன்ஸ்டேல் என்ற இடத்தில் 2017இல் நிறுவப்பட்ட பற்றரி நிலையம் தொடக்கத்தில் 100 மெகாவாற்று வலுவும் 129 மெகாவாற்று மணி சக்தியும் கொண்டிருந்தது. முழுத் துருசும் திறந்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் வற்றிவிடும். சீனாவின் டாலியன் நகரில் 2022இல் இயங்கத் தொடங்கிய நிலையத்துக்கும் துருசு அதே 100 மெகாவாற்றுதான், ஆனால் குளம் 400 மெகாவாற்று மணி. அது நான்கு மணி நேரம் தாங்கும். முன்னதில் இருப்பது இலிதியம், பின்னதில் வனேடியம். இரண்டில் எது சிறந்தது என்று கேட்பவர், எத்தனை மணி நேரத்துக்கு என்று சொல்லியாக வேண்டும். வன்னிக்கு அதனோடு இன்னொரு கேள்வியும் இருக்கிறது: எந்த வெயிலில்?

உண்மையான குளத்து நீரையே மின்சாரச் சேமிப்பாகக் கொள்ள முடியாதா என்று கேட்பவர்களும் உண்டு. மலைநாட்டில் அது நடக்கிறது, சமதரையில் ஏன் நடப்பதில்லை என்பதைக் கணக்கு காட்டிவிடும். இரணைமடுவில் ஏறத்தாழ 14 கோடி கன மீற்றர் நீர் நிற்கிறது என்றும், அது சராசரியாக 5 மீற்றர் கீழே விழுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அதில் அடங்கிய சக்தி சுமார் 19 இலட்சம் அலகுகள். இலங்கை முழுவதும் ஒரு நாளில் செலவிடும் மின்சாரம் நான்கரைக் கோடியிலிருந்து ஐந்து கோடி அலகுகள் வரை. அதாவது வடக்கின் மிகப் பெரிய குளம் முழுவதும் வடிந்தால் நாட்டுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேர மின்சாரம். வீட்டுக் கூரையில் 10 மீற்றர் உயரத்தில் நிற்கும் 1,000 லீற்றர் தண்ணீர்த் தாங்கியில் இருப்பது வெறும் 27 வாற்று மணி. கைத்தொலைபேசியை இரண்டு தடவை ஏற்றலாம். ஈர்ப்பு விசை மிகவும் மெலிந்த சேமிப்பு, உயரம் இல்லாத நாட்டில் அது இன்னும் மெலிந்தது. வேதியியல் பிணைப்புகளில் சக்தியைச் செறிவாக அடைக்க முடிவதால்தான் எல்லோரும் மின்கலங்களைத் தேடிப் போகிறார்கள்.

இந்த மண்ணில் மின்கலத்துக்குத் தனியான வரலாறும் இருக்கிறது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் கொண்டுவரக் கூடாத பொருள்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது; எரிபொருளும் இறுக்கப்பட்டது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவை வானொலிப் பெட்டியோடு இணைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர்கள் செய்தி கேட்டார்கள். சுற்றுவது நின்றால் செய்தியும் நின்றது. உற்பத்தி இருந்து சேமிப்பு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான செய்முறைப் பாடத்தை எந்த ஆய்வுகூடமும் நடத்தியிருக்காது. தேய்ந்த டோர்ச் பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் சிறிது நேரம் எரியச் செய்ததும் மூடநம்பிக்கையல்ல. துத்தநாகமும் மங்கனீசீரொட்சைட்டும் கொண்ட அந்தக் கலத்தில் வெப்பம் ஏறும்போது மின்னேற்றம் சுமக்கும் துகள்களான அயன்கள் விரைவாக நகர்கின்றன, தேங்கிய விளைபொருள்கள் பரவி வழிவிடுகின்றன, மிச்சமிருந்த கொஞ்சம் வெளியே வருகிறது. புதிதாக எதுவும் ஏற்றப்படுவதில்லை.

வெயிலின் விலை

அதே வெயில், திரும்பத் திரும்ப ஏற்றக்கூடிய பற்றரிக்கு எதிரி. பிரான்ஸ் நாட்டவரான காஸ்தோன் பிளாந்தே 1859இல் செய்துகாட்டிய ஈய–அமில மின்கலம்தான் இன்றும் உழவு இயந்திரத்திலும், இன்வேட்டர் பெட்டியிலும், யானை வேலியிலும் இருப்பது. ஒரு தகடு ஈயம், மறு தகடு ஈயவீரொட்சைட்டு, நடுவே சல்பூரிக்கமிலம். வடியும்போது இரு தகடுகளும் ஈயசல்பேற்றாக மாறுகின்றன. ஏற்றும்போது பழைய நிலைக்குத் திரும்புகின்றன. அரைகுறையாக ஏற்றப்பட்ட நிலையில் நாள்கணக்கில் கிடந்தால் அந்தச் சல்பேற்று பெரிய படிகங்களாக இறுகி, பின்னர் கரைய மறுக்கிறது. ஆகவேதான் சாதாரண ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே வடிய விடக் கூடாது என்கிறார்கள். 12 வோல்ற், 100 அம்பியர் மணி என்று எழுதியிருக்கும் பற்றரியில் 1.2 அலகு இருக்கிறது. நாம் நம்பிச் செலவழிக்கத்தக்கது 0.6 அலகு. இந்த ஒரு விடயத்தைச் சொல்லாமலே பற்றரி விற்கப்படுகிறது.

வெப்பத்தின் கணக்கு இன்னும் கடுமையானது. பற்றரியின் மீது அச்சிடப்படும் ஆயுள் 25 பாகை செல்சியஸ் வெப்பநிலைக்கு உரியது. வெப்பநிலை ஏறத்தாழ 10 பாகை கூடும்போது ஈய–அமிலப் பற்றரியின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் பொது விதி. தகட்டின் அரிப்பும் நீர் இழப்பும் வேகமெடுப்பதே காரணம். வவுனியாவிலோ மாங்குளத்திலோ வைகாசி, ஆனி மாதங்களில் தகரக் கொட்டகைக்குள் 25 பாகையைக் காண்பதற்கு விடியற்காலையில்கூட முடியாது. ஐந்து ஆண்டு என்று சொல்லி விற்கப்பட்ட பற்றரி இரண்டரை ஆண்டில் சாவதற்கு ஏமாற்று வேலை எதுவும் தேவையில்லை. அதை ஓலைக் கூரையின் கீழ், காற்றோட்டமுள்ள, நிலத்துக்கு அண்மையான இடத்தில் வைப்பது பல ஆண்டு ஆய்வுக்குச் சமமான பலனைத் தரும், செலவும் இல்லை.

யானை வேலியை எடுத்துக்கொள்வோம். முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் காட்டோரக் கிராமங்களின் வேலிக்கு மின்துடிப்பை அனுப்பும் கருவி ஆயிரக்கணக்கான வோல்ற்றில் அடித்தாலும், ஒரு துடிப்பு நொடியின் சிறு கூறே நீடிப்பதால் அதன் சராசரி வலு மிகக் குறைவு. 10 வாற்று என்று வைத்தால் ஓர் இரவுக்கு 120 வாற்று மணி போதும். 600 வாற்று மணி கொண்ட 50 அம்பியர் மணிப் பற்றரிக்கு அது சுமையே அல்ல. ஆனால் மாரியில் மூன்று நாள் சூரியன் முகம் காட்டாவிட்டால், பகலும் இரவும் வேலி இயங்குவதற்கு 720 வாற்று மணி வேண்டும். பற்றரி அடிமட்டம்வரை வடிகிறது, சல்பேற்று இறுகுகிறது, அடுத்த முறை அது இரண்டு நாள்கூடத் தாங்காது. காலபோக நெல் குடலை விடும் காலமும் அதுதான், யானை வரும் காலமும் அதுதான். வேலி பழுது என்று மக்கள் சொல்லும்போது பெரும்பாலும் தவறியிருப்பது இந்தக் குளத்தின் ஆழம் பற்றிய கணக்கு. இன்னொரு பற்றரியைச் சமாந்தரமாக இணைத்தால் தீரக்கூடிய குறைக்கு வேலி முழுவதையும் குறைசொல்கிறோம்.

இலிதியம் இங்கே எதை மாற்றுகிறது? 1991இல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த இலிதியம்–அயன் கலத்தின் அடிப்படைக்காக ஜோன் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யொஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. குடினஃபுக்கு அப்போது வயது 97. இந்தக் கலத்தில் எந்தத் தகடும் கரைவதில்லை. இலிதியம் அயன்கள் ஒரு பக்கத்துக் காரீயத்தின் (ஈயம் அல்ல, பென்சிலில் இருக்கும் கிராபைட்டு) அடுக்குகளுக்குள்ளிருந்து மறுபக்கத்து ஒட்சைட்டின் அடுக்குகளுக்குள் போய் அமர்கின்றன. ஏற்றும்போது திரும்பி வருகின்றன. தகட்டின் உருவம் குலையாததால் ஆயிரக்கணக்கான சுற்றுகள் கிடைக்கின்றன. வீட்டுச் சேமிப்புக்கு இன்று பெரிதும் பயன்படுவது அதன் ஒரு கிளை. 1997இல் குடினஃபின் குழு அறிவித்த இலிதியம் இரும்புப் பொஸ்பேற்று, கைத்தொலைபேசியில் இருக்கும் கோபாற்று வகையைவிடப் பாரமானது, ஆனால் பொஸ்பரசு தன் ஒட்சிசனை இறுகப் பிடித்திருப்பதால் சூடேறினாலும் ஒட்சிசனை எளிதில் விடுவிப்பதில்லை. தீக்குத் தீனி உள்ளிருந்தே கிடைக்காத பற்றரி என்பது வெப்ப நாட்டுக்குப் பெரிய விடயம்.

ஓர் எளிய வீட்டில் எட்டு மணி நேரம் சுழலும் ஒரு மின்விசிறி, நாலு எல்.ஈ.டி. விளக்குகள், மாலையில் சிறிது நேரம் தொலைக்காட்சி என்று கூட்டினால் ஓர் இரவுக்கு 700 வாற்று மணிக்குச் சற்று மேலே வரும். அதற்கு 100 அம்பியர் மணி ஈயப் பற்றரி இரண்டு வேண்டும். இரும்புப் பொஸ்பேற்றுப் பற்றரி ஒன்று போதும், ஏனெனில் அதைப் பத்தில் ஒன்பது பங்கு வரை வடிக்கலாம். 2010இல் கிலோவாற்று மணிக்கு 1,000 டொலருக்கு மேல் இருந்த இலிதியம்–அயன் பற்றரித் தொகுதியின் உலகச் சராசரி விலை 2024இல் 115 டொலராக இறங்கியது. இருந்தும் வெப்பம் இதையும் விட்டுவைப்பதில்லை. காரீயத்தின் மேல் உருவாகும் மெல்லிய படலம் சூட்டில் தடித்துக்கொண்டே போய், இலிதியத்தைச் சிறிது சிறிதாக விழுங்குகிறது.

ஆய்வுச் செய்தியை வாசிப்பது எப்படி

‘ஐந்து நிமிடத்தில் ஏறும் பற்றரி’, ‘பத்து மடங்கு கொள்ளும் மின்கலம்’ என்ற செய்திகள் மாதந்தோறும் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை பொய்யல்ல. ஆனால் சட்டைப் பொத்தான் அளவுள்ள கலத்தில், சில மில்லிகிராம் பொருளை வைத்து, 25 பாகையில் பெறப்பட்ட முடிவுகள் அவை. பொத்தானிலிருந்து உழவு இயந்திரப் பற்றரி வரை போகும் பாதையில் பொருளின் தடிப்பு கூடுகிறது, அயன்கள் நகரும் ஊடகமான மின்பகுபொருளின் அளவு சுருங்குகிறது, சூடு வெளியேற வழி குறைகிறது. ஆய்வின் கடினமான பாதி அங்கேதான் தொடங்குகிறது.

வாசிப்பவர் ஓர் எண்ணை மட்டும் தேடிப் பிடித்தால் போதும். உள்ளே போன மின்னேற்றத்தில் எத்தனை வீதம் திரும்பி வந்தது என்பதே அது. 99 வீதம் என்று எழுதியிருந்தால் கேட்பதற்கு அழகாக இருக்கும். இழந்த இலிதியத்தை ஈடுசெய்ய மேலதிக இலிதியம் இல்லாத உண்மையான கலத்தில், ஒவ்வொரு சுற்றிலும் 99 வீதம் என்றால் நூறு சுற்றுகளின் பின் மிஞ்சுவது 37 வீதம். 99.9 வீதம் என்றால் ஆயிரம் சுற்றுகளின் பின் அதே 37. நாளுக்கு ஒரு சுற்று என்று மூன்று ஆண்டு பாவித்த பின்பும் ஐந்தில் நாலு பங்கு மிஞ்ச வேண்டுமானால் 99.98 வீதம் வேண்டும். சங்கக் கடையில் கடன் கொப்பி வைத்திருந்த எவருக்கும் இந்தக் கூட்டுவட்டிக் கணக்கு புரியும்.

எங்கள் பகுதியில் இந்த ஆய்வுக்கு இடம் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்குகிறது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. தெற்கே போகலையிலும் கஹட்டகஹவிலும் கிடைக்கும் நரம்புக் காரீயம் உலகிலேயே மிகத் தூய்மையானவற்றுள் ஒன்று. அதைப் பற்றரியின் ஒரு பக்கத் தகடான அனோட்டாக்கும் ஆய்வுகள் கண்டியிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் நடந்துள்ளன. எனக்கு அதைவிட நெருக்கமாகப் படுவது ஊமல். பனங்கிழங்கைப் பிடுங்கிய பின் எஞ்சும் அந்தக் கொட்டை ஓட்டைக் கரியாக்கி, மீமின்கொள்ளளவியின் (சூப்பர் கப்பாசிற்றரின்) மின்வாயாகப் பயன்படுத்தும் முயற்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஈடுபட்டிருக்கிறார்கள். நன்றாகத் துளைப்பட்ட கரியில் ஒரு கிராமுக்கு ஆயிரம் சதுர மீற்றருக்கும் அதிகமான மேற்பரப்பு இருக்கும். அயன்கள் அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்வதும் விலகுவதுமாக மின்னேற்றம் சேமிக்கப்படுகிறது. துருசு மிக அகலம், குளம் மிகச் சிறிது. ஒரு மோட்டரைத் தொடக்கிவிடுவதற்கு அது பொருந்தும். ஓர் இரவு விளக்கெரிக்கப் பொருந்தாது. ஊமல்கரி பற்றரிக்கு மாற்று என்று யாராவது எழுதினால் அந்தக் கட்டுரையை அங்கேயே மூடிவிடலாம்.

ஆனால் அதே கரிக்கு இன்னொரு வழி திறந்திருக்கிறது. சோடியம்–அயன் மின்கலம் இலிதியக் கலத்தைப் போலவே இயங்குகிறது. சோடியம் அயன் பெரியது, பாரமானது, காரீய அடுக்குகளுக்குள் சரியாக நுழைவதில்லை. அதற்கு ஒழுங்கற்ற அடுக்குகள் கொண்ட ‘வன்காபன்’ வேண்டும். தேங்காய்ச் சிரட்டை போன்ற தாவரக் கழிவுகளைக் காற்றில்லாமல் உயர் வெப்பத்தில் சுட்டு அதைச் செய்கிறார்கள். சீனாவின் கட்டெல் நிறுவனம் 2021இல் தன் சோடியம்–அயன் கலத்தை அறிமுகப்படுத்தியபோது கிலோவுக்கு 160 வாற்று மணி என்று அறிவித்தது. ஈயத்தின் நாலு மடங்கு அது. ஆனையிறவில் உப்பு விளைகிறது, அதனால் சோடியம் பற்றரி நமக்குச் சொந்தம் என்று பேசத் தொடங்குவது மட்டும் வேண்டாம். உப்பு உலகெங்கும் மலிவு. அருமையானது நல்ல வன்காபனும், அதை ஆயிரம் தடவை ஒரே தரத்தில் செய்துதரும் உலையும்தான்.

டாலியன் நிலையத்தில் இருப்பது வேறு வகை. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் 1980களில் மரியா ஸ்கைலாஸ்-கசாகோஸ் உருவாக்கிய வனேடியம் பாய்வுப் பற்றரியில் சக்தி தகட்டில் இல்லை, திரவத்தில் இருக்கிறது. வனேடியம் நான்கு ஒட்சியேற்ற நிலைகளில் நான்கு நிறம் காட்டும்: ஊதா, பச்சை, நீலம், மஞ்சள். இரண்டு தாங்கிகளில் இருக்கும் திரவங்களை நடுவிலுள்ள கலத்தொகுதியூடாகப் பம்பி ஓட்டுகிறது. இங்கே துருசு வேறு, குளம் வேறு. கலத்தொகுதியைத் தொடாமல் தாங்கியை மட்டும் பெரிதாக்கிச் சேமிப்பை இரட்டிப்பாக்கலாம். குளத்து மனிதர்களுக்கு உடனே பிடித்துப்போகும் வடிவமைப்பு இது. ஆனால் திரவத்தின் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டினால் மஞ்சள் நிலையிலுள்ள வனேடியம் வீழ்படிவாகிக் குழாய்களை அடைக்கத் தொடங்கும். மறுபடியும் அதே வெயில்.

பரந்தனில் கசிந்த ஐதரசன்

எரிபொருட் கலம் என்றதும் விண்வெளி நினைவு வருகிறது. அப்பல்லோ விண்கலங்களில் மின்சாரத்தையும் குடிநீரையும் தந்தவை அவை. அடிப்படைக் கருத்தை 1839இலேயே வில்லியம் குரோவ் கண்டறிந்துவிட்டார்: நீரை மின்சாரத்தால் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிக்கலாம் என்றால், அவற்றை மீண்டும் சேர்த்து மின்சாரம் பெறலாம். பற்றரி தன் சக்தியைத் தன்னுள்ளே வைத்திருக்கிறது. எரிபொருட் கலத்துக்கு வெளியிலிருந்து ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும், ஊட்டும்வரை அது நிற்காது.

வன்னிக்கு இந்த வேதியியல் அந்நியமல்ல. 1950களில் நிறுவப்பட்ட பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பின் கரைசலை மின்பகுத்து எரிசோடாவும் குளோரினும் செய்தது. போர் முற்றிய 1980களின் நடுப்பகுதியில் உற்பத்தி நின்றது. அந்த மின்பகுப்பின் மூன்றாவது விளைபொருள் ஐதரசன். ஒரு தொன் குளோரினுக்கு 28 கிலோ ஐதரசன் என்ற விகிதம் வேதிச் சமன்பாட்டில் எழுதப்பட்டது, யாரும் மாற்ற முடியாதது. இன்று ‘பசுமை ஐதரசன்’ என்று கருத்தரங்குகளில் பேசப்படுவதன் பழைய உறவினன் பரந்தன் சந்தியிலேயே இருந்தான்.

ஆனால் ஐதரசனைச் சேமிப்பாகப் பார்க்கும்போது கணக்கு கசக்கிறது. ஒரு கிலோ ஐதரசன் செய்ய 50 முதல் 55 அலகு மின்சாரமும், ஒன்பது லீற்றர் தூய நீரும் வேண்டும். அந்த ஒரு கிலோவில் இருப்பது 33 அலகுக்குரிய சக்தி. அதை 350 வளிமண்டல அமுக்கத்துக்கு மேல் அடைத்து வைக்க மேலும் செலவு. எரிபொருட் கலத்தில் மின்சாரமாக்கும்போது பாதி வெப்பமாகப் போய்விடுகிறது. மன்னார்க் காற்றிலிருந்து 100 அலகு கொடுத்தால் 30 முதல் 35 அலகு வரையே திரும்பி வரும். இலிதியம் பற்றரியிலிருந்து 85 வரும். இரவுக்கும் பகலுக்கும் இடையிலான சேமிப்புக்கு ஐதரசனை முன்மொழிபவர் மூன்றில் இரண்டு பங்கு நீரைத் துருசடியிலேயே கொட்டிவிடச் சொல்கிறார்.

மாதக்கணக்கான சேமிப்பு வேறு. மன்னார்த் தீவில் 2020 மார்கழியில் திறக்கப்பட்ட 100 மெகாவாற்றுத் தம்பபவனி நிலையத்தின் 30 சுழலிகளும், அதற்கு முன்பே பளைப் பக்கத்தில் எழுந்த புலோப்பளை, வல்லிமுனைக் காற்றாலைகளும் சோளகம் வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரை மும்முரமாகச் சுழல்கின்றன. சோளகத்தை மார்கழிக்குக் கொண்டுபோக எந்தப் பற்றரியாலும் கட்டுப்படியாகாது, ஏனெனில் ஆண்டுக்கு ஒரு தடவை மட்டும் நிரம்பி வடியும் பற்றரி தன் விலையை ஒருபோதும் மீட்காது. அங்கே ஐதரசனுக்கு ஓர் இடம் உண்டு. அதுவும் மின்சாரமாகத் திரும்பி வராமல், நைதரசனோடு சேர்ந்து அமோனியாவாக, உரமாக வயலுக்குப் போனால்தான் பொருள் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைபட்டபோது நெல் விளைச்சலுக்கு என்ன நேர்ந்தது என்பதை வன்னிக் கமக்காரர் மறந்திருக்க மாட்டார்கள். காற்றாலை எங்கே எழலாம், எங்கே எழக் கூடாது என்று மன்னார்த் தீவு மக்கள் கேட்கும் கேள்வி இதற்கெல்லாம் முன்னால் நிற்கிறது. அதற்கு வேதியியலில் விடை இல்லை.

தேசிய மின்வலையமைப்புக்கு வேண்டியது இவை எல்லாவற்றிலும் குறுகிய சேமிப்பு. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருட்டாக்கியது. குரங்கு ஒன்றின் மீது பழி போடப்பட்டது, ஊரெல்லாம் சிரித்தது. ஆனால் விடுமுறை நாளில் மின்தேவை குறைவாகவும், கூரைச் சூரியகல மின்சாரம் மிகையாகவும், சுழலும் கனத்த இயந்திரங்கள் குறைவாகவும் இருந்த அந்த வேளையில் மின்னோட்டம் நொடிக்கு எத்தனை தடவை அலைகிறது என்ற மீடிறனை 50 ஹேர்ட்ஸில் தாங்கிப்பிடிக்க எதுவும் போதவில்லை. கனமான சுழலி தன் உந்தத்தாலேயே சில நொடிகளுக்கு அதிர்ச்சியை உள்வாங்கும். சூரியகலத்துக்கு உந்தம் கிடையாது. அந்த இடைவெளியை நொடியின் சிறு பகுதிக்குள் நிரப்பக்கூடிய பற்றரி நிலையங்களுக்குக் குளம் ஆழமாக இருக்க வேண்டியதில்லை, துருசு உடனே திறந்தால் போதும். அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரியகலங்களைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. மூன்று ஆண்டுகளுக்கு முன், 2022 பங்குனி இறுதியில், நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த நாடு இது. அன்று குளம் வற்றிக் கிடந்தது. இன்று குளம் நிரம்பி வான் பாய்கிறது, மறிக்க அணை இல்லை.

பற்றரி வாங்குவதற்கு முன்னர் வன்னி வீடும் மீன்வாடியும் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இந்த ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவதில்லை. மின்சாரத்தைச் சேமிக்கத்தான் வேண்டுமா, அது செய்யும் வேலையைச் சேமித்தால் போதாதா? எட்டு மீற்றர் ஆழமுள்ள கிணற்றிலிருந்து 20,000 லீற்றர் இறைக்கப் பம்பியின் இழப்புகளோடு சேர்த்து ஓர் அலகுக்குச் சற்று மேலே தேவை. பகலில் சூரியகலமே நேராக இறைத்து, தொட்டியிலோ பாத்தியிலோ விட்டுவிட்டால் இரவுக்குச் சேமிக்க எதுவும் மிஞ்சாது. முல்லைத்தீவுக் கரையில் மீனுக்கு ஐஸ் வேண்டும். 30 பாகை நீரில் ஒரு தொன்னை ஐஸ்கட்டியாக்க, இயந்திரத்தின் தரத்தைப் பொறுத்து 50 முதல் 80 அலகு செலவாகும். நண்பகல் வெயிலில் அதைச் செய்து தடித்த றெஜிஃபோம் பெட்டிக்குள் வைத்தால், நூறு ஈயப் பற்றரிகள் இரவில் தரக்கூடிய வேலை அந்தப் பெட்டிக்குள் கிடக்கிறது. அமிலம் இல்லை, இன்வேட்டர் இல்லை, சல்பேற்றும் இல்லை. பொறியியல் ஆய்வுக்குப் பெருமை சேர்க்காத தீர்வு என்பதால்தானோ என்னவோ, இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் அரிது.

இத்தனைக்குப் பின்னும் விளக்குக்கும், விசிறிக்கும், மருந்தகக் குளிர்பெட்டிக்கும் பற்றரி வேண்டியிருக்கும். அவை ஒருநாள் சாகும். இறந்த ஈயப் பற்றரிக்கு நிறுத்துக் காசு கொடுக்க ஆள் வருகிறார், ஏனெனில் ஈயத்தை உருக்கி மீண்டும் விற்கலாம். அதை வாங்குபவர் அமிலத்தை எங்கே ஊற்றுகிறார், வீட்டுக் கொல்லையில் உருக்கும்போது எழும் புகையை யார் சுவாசிக்கிறார்கள் என்பது கிணற்று நீரை நம்பியிருக்கும் ஊர்களுக்குச் சிறிய கேள்வியல்ல. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இரும்புப் பொஸ்பேற்றுப் பற்றரியின் சிக்கல் இதற்கு நேர்மாறானது. அதனுள் நஞ்சு குறைவு, ஆனால் கோபாற்றும் நிக்கலும் இல்லாததால் மீட்டெடுத்து விற்க விலையுள்ள பொருளும் குறைவு. நிறுத்து வாங்க எவரும் வாசலுக்கு வருவதில்லை. இன்று அறிவியல்நகரிலிருந்து மாங்குளம் வரை கூரைகளின் கீழ் அமரும் பற்றரிகள் தம் ஆயுளை முடிக்க இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் இருக்கின்றன. விற்றவர் திருப்பி எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையை விற்பனைச் சீட்டில் எழுதிக் கேட்பதற்கான நேரம் பற்றரி வாங்கும் நாளே.